லாபம் வந்த வழி

சாலை விபத்தோ, நள்ளிரவில் பிரசவ வலியோ, தமிழ்நாட்டில் இன்று யாருக்கும் முதலில் நினைவுக்கு வரும் எண் 108. 2008 செப்டம்பரில் இங்கே தொடங்கிய இந்த ஆம்புலன்ஸ் சேவைக்கு மூலம் ஐதராபாத். 2005-ல் அங்கே இதை லாப நோக்கற்ற அமைப்பாகத் தொடங்கியவர், சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தை உருவாக்கிய ராமலிங்க ராஜு. அவருடைய குடும்ப அறக்கட்டளை ஆந்திரக் கிராமங்களில் குடிநீர், மருத்துவம், கல்வி என்று வேலை செய்துகொண்டிருந்தது. சிறந்த நிர்வாகத்துக்கான கோல்டன் பீகாக் விருதும் 2008-ல் சத்யத்துக்குக் கிடைத்தது. சில மாதங்கள் கழித்து, 2009 ஜனவரி 7 அன்று, நிறுவனத்தின் கணக்கில் காட்டப்பட்ட ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்று ராஜுவே இயக்குநர் குழுவுக்குக் கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். பங்குகளின் விலை ஒரே நாளில் சரிந்தது. விருது திரும்பப் பெறப்பட்டது. அங்கே வேலை பார்த்த சுமார் 50,000 பேருக்கு அடுத்த மாதச் சம்பளம் வருமா என்பதே தெரியவில்லை. 2015-ல் சிறப்பு நீதிமன்றம் ராஜுவுக்கு 7 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் அவர் ஜாமீன் பெற்றார்.

இந்த இரண்டு உண்மைகளில் ஒன்றைக் காட்டி மற்றொன்றை அழித்துவிட முடியாது. 108 காப்பாற்றிய உயிர்கள் மெய்யான உயிர்கள். கணக்கில் நடந்த மோசடியும் மெய்யான மோசடி. ஆம்புலன்ஸ் ஓடியதால் பங்குதாரர்களுக்கு இழைத்த துரோகம் குறைந்துவிடவில்லை. ஒரு நிறுவனம் சமூகத்துக்குப் பொறுப்பாக நடக்கிறதா என்று பார்க்க விரும்புபவர், அது லாபத்தில் எவ்வளவு கொடுத்தது என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, அந்த லாபம் எந்த வழியில் வந்தது என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும். கூலி, தண்ணீர், கணக்கு, வரி, விற்ற பொருளின் தரம் ஆகியவற்றில்தான் பொறுப்பு இருக்கிறது. நன்கொடை அதற்குப் பிறகு வருவது. நம் நாட்டில் சமூகப் பொறுப்பு பற்றிய சட்டமும் பொதுப்பேச்சும் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டன என்பது என் வாதம்.

2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி என்ற மூன்று எல்லைகளில் ஏதேனும் ஒன்றை முந்தைய நிதியாண்டில் தொட்ட நிறுவனம், கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது அது. எந்தெந்தப் பணிகள் என்பதைச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை சொல்கிறது: பசி, வறுமை ஒழிப்பு, கல்வி, மருத்துவம், சுற்றுச்சூழல், பாரம்பரியச் சின்னங்கள், விளையாட்டு, பேரிடர் நிவாரணம் என்று அது நீள்கிறது. தொடக்கத்தில், செலவிடாத நிறுவனம் ஆண்டறிக்கையில் காரணம் சொன்னால் போதும் என்றிருந்தது. 2019, 2020 திருத்தங்கள் அந்தச் சலுகையை எடுத்துவிட்டன. 2021 ஜனவரி முதல், செலவாகாத தொகை தொடர் திட்டத்துக்கானது என்றால் தனி வங்கிக் கணக்கில் போட்டு மூன்று ஆண்டுகளுக்குள் செலவிட வேண்டும்; அப்படியில்லை என்றால் சட்டம் குறிப்பிடும் அரசு நிதிகளில் ஒன்றில் ஆறு மாதத்துக்குள் கட்ட வேண்டும். தவறினால், கட்ட வேண்டியதைப்போல் இரு மடங்கு அல்லது 1 கோடி ரூபாய், இவற்றில் எது குறைவோ அது அபராதம்.

இதே சட்டத்தின் விதிகளில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. நிறுவனத்தின் வழக்கமான தொழிலின் பகுதியாகச் செய்யும் வேலையும், சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் வேலையும் இந்த 2 சதவீதக் கணக்கில் சேராது. இது நியாயமான விதி. சாயக்கழிவைச் சுத்திகரிப்பதும் தொழிலாளிக்குத் தலைக்கவசம் வாங்கித் தருவதும் எப்படியும் செய்தாக வேண்டிய கடமைகள். அவற்றைத் தர்மக் கணக்கில் எழுத யாரையும் அனுமதிக்கக் கூடாது. ஆனால் பொதுமனதில் இதற்கு எதிர்பாராத விளைவு ஒன்று ஏற்பட்டிருக்கிறது. சட்டம் சமூகப் பொறுப்பு என்று பெயரிட்டுக் கணக்குக் கேட்பது ஆலைக் கதவுக்கு வெளியே நடப்பதை மட்டுமே. அதனால் கதவுக்கு உள்ளே நடப்பது அந்தப் பெயருக்கு வெளியே போய்விட்டது. சமூகப் பொறுப்பின் ஆங்கிலச் சுருக்கமான 'சிஎஸ்ஆர்' என்றால் அரசுப் பள்ளியில் ஸ்மார்ட் கிளாஸ், ஊர் முனையில் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம், அரசு மருத்துவமனைக்கு டயாலிசிஸ் கருவி என்றுதான் எல்லோரும் புரிந்துகொள்கிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சேர வேண்டிய வருங்கால வைப்பு நிதி கட்டப்பட்டதா என்ற கேள்வி அந்தச் சொல்லோடு சேர்ந்து யாருக்கும் எழுவதில்லை.

வெளியே செலவாகும் பணத்தின் அளவையும் சரியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். சட்டம் வந்த முதல் ஆண்டான 2014-15-ல் நாடு முழுதும் சுமார் 10,000 கோடி ரூபாய் இப்படிச் செலவானது. 2022-23-ல் அது சுமார் 30,000 கோடியாக வளர்ந்தது. பெரிய தொகைதான். ஆனால் தமிழ்நாடு அரசு 2024-25-ல் பள்ளிக் கல்விக்கு மட்டும் ஒதுக்கியது 44,042 கோடி. இந்தியாவின் எல்லாப் பெரிய நிறுவனங்களும் சேர்ந்து எல்லாத் துறைகளுக்கும் தருவதைவிட ஒரே மாநிலம் ஒரே துறைக்குச் செலவிடுவது அதிகம். எனவே நிறுவனங்கள் அரசின் இடத்தை நிரப்பிவிடும் என்ற எதிர்பார்ப்புக்கு அடிப்படை இல்லை. அந்தப் பணம் போய்ச் சேரும் இடத்திலும் கோணல் இருக்கிறது. தான் இயங்கும் வட்டாரத்துக்கு நிறுவனம் முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டம் சொல்வதால், ஆலைகளும் தலைமையகங்களும் நிறைந்த மகாராஷ்டிரம், கர்நாடகம், குஜராத், தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கே பெரும் பங்கு போகிறது. ஆலை இல்லாத ஏழை மாவட்டத்துக்குத் தேவை அதிகம், கிடைப்பது குறைவு. செலவின் தன்மையும் அப்படியே. பள்ளிக்கூடக் கழிப்பறைக் கட்டடத்துக்கு நிதி தர நிறுவனங்கள் முன்வருகின்றன. கட்டிய மறுநாளே பெயர்ப்பலகை மாட்டி, திறப்பு விழாப் படத்தை ஆண்டறிக்கையில் போட்டுவிடலாம். அதைத் தினமும் கழுவ ஒரு தூய்மைப் பணியாளரை ஐந்து ஆண்டுகளுக்குச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள நிதி கேட்டால் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. பிள்ளைகளுக்கு வேண்டியது இரண்டும்தான்.

விகிதத்தைச் சட்டத்தில் எழுதியதால் வந்த இன்னொரு விளைவை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். தம்மிக்க தர்மபாலவும் விக்ரமாதித்ய கன்னாவும் 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, முன்பு 2 சதவீதத்துக்குக் குறைவாகச் செலவிட்ட நிறுவனங்கள் சட்டத்துக்குப் பிறகு கூட்டிக்கொண்டன. முன்பே 2 சதவீதத்துக்கு மேல் செலவிட்டுவந்த பெரிய நிறுவனங்களோ குறைத்துக்கொண்டன. குறைந்தபட்சம் என்று எழுதப்பட்ட எண் சிலருக்கு அதிகபட்சமாகிவிட்டது. இதற்கு அந்த நிறுவனங்களின் பேராசையை மட்டும் காரணமாகச் சொல்ல மாட்டேன். மனச்சாட்சியின் கடமை ஒன்றைச் சதவீதமாக மாற்றினால், சதவீதத்தைக் கட்டியவுடன் கடமை முடிந்தது என்று நினைப்பது மனித இயல்பு. வரி கட்டுகிறவர் யாரும் கூடுதலாகக் கட்டுவதில்லையே.

கதவுக்கு உள்ளே பார்த்தால் என்ன தெரியும் என்பதற்கு நொய்யல் ஆற்றைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. வெள்ளியங்கிரி மலைத்தொடரில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாகப் போய்க் காவிரியில் சேரும் ஆறு அது. திருப்பூரின் பனியன் தொழில் 1980-களிலும் 90-களிலும் ஏற்றுமதித் தொழிலாகப் பெருகியபோது சாயப்பட்டறைகளும் நூற்றுக்கணக்கில் பெருகின. பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமானால் சாயத்தொட்டியில் உப்பைக் கொட்ட வேண்டும். சாயம் நூலைப் பிடித்துக்கொள்ளும், உப்பு பிடிக்காது. அலசும் தண்ணீரோடு முழுதும் வெளியே வந்துவிடும். பட்டறைகள் சேர்ந்து அமைத்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் தண்ணீரின் நிறத்தை ஓரளவு நீக்கின, உப்பை நீக்கவில்லை. சாதாரணச் சுத்திகரிப்பில் உப்பு போகாது. அதற்குச் சவ்வுவழி வடிகட்டலும், மிச்சத்தைக் கொதிக்கவைத்து ஆவியாக்கும் கருவிகளும் வேண்டும். அதற்கு ஆகும் செலவு மிக அதிகம். அந்தச் செலவைச் செய்யாததால் உப்பு ஆற்றில் இறங்கியது, கிணறுகளில் ஊறியது. ஈரோடு, கரூர் மாவட்ட நிலங்களுக்குப் பாசனம் தருவதற்காக 1992-ல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குளமானது. தண்ணீருக்காகக் கட்டிய அணையைத் திறக்காதீர்கள் என்று அதன் கீழே இருந்த விவசாயிகளே கெஞ்சும் நிலை வந்தது.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை முற்றிலும் நிறுத்தும்வரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 காசு, பிறகு 8 காசு, பிறகு 10 காசு என்று ஏறிக்கொண்டே போகும் அபராதத்தை விதித்தது. 2009-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அப்போதும் கழிவு நிற்காததால் 2011 ஜனவரியில் சுமார் 700 சாயப்பட்டறைகளையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. லிட்டருக்கு இத்தனை காசு என்ற அந்தக் கணக்கு என்னை மிகவும் யோசிக்கவைத்தது. அதுவரை ஒரு பனியனின் அடக்கவிலையில் நூல், சாயம், கூலி, மின்சாரம், வட்டி எல்லாம் எழுதப்பட்டிருந்தன. உப்பு மட்டும் எழுதப்படவில்லை. அதன் விலை இல்லாமல் போய்விடவில்லை. வேறொருவர் கட்டிக்கொண்டிருந்தார்: தென்னை காய்ந்த விவசாயி, குடிநீருக்கு லாரியை எதிர்பார்த்து நின்ற பெண், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட முடியாமல் அதை விற்றவர். பட்டறைகள் லாபம் என்று எழுதிக்கொண்டதில் ஒரு பகுதி இவர்களிடமிருந்து கேட்காமல் எடுத்துக்கொண்ட பணம். அந்த லாபத்தில் 2 சதவீதத்தை எடுத்து இதே கிராமங்களில் பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்திருந்தாலும் கிணற்றில் ஓர் உப்புத் துகள்கூடக் குறைந்திருக்காது. தவிர, பெரும்பாலான பட்டறைகள் 135-ஆவது பிரிவின் எல்லைக்குள்ளேயே வராத அளவுக்குச் சிறியவை. அவற்றின் பொறுப்பை நன்கொடைச் சட்டம் எதுவும் தொடாது.

இங்கே வலுவான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் 1970 செப்டம்பர் 13 அன்று நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிய கட்டுரை அதன் மூல வடிவம். நிறுவன மேலாளர் பங்குதாரர்களின் ஊழியர்; அவர்களுடைய பணத்தைத் தன் விருப்பப்படி சமூக சேவைக்குச் செலவிட அவருக்கு உரிமையில்லை; அப்படிச் செய்தால் யாரும் தேர்ந்தெடுக்காத ஒருவர் வரி போட்டு அதைச் செலவும் செய்வதாக ஆகிவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம். இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஏனென்றால் இதில் பாதி சரி. எந்தப் பள்ளிக்குப் பணம் போக வேண்டும் என்பதைச் சட்டமன்றம் தீர்மானிப்பதுதான் மக்களாட்சி. ஆனால் ஃப்ரீட்மனே ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார்: ஆட்ட விதிகளுக்கு உட்பட்டு, ஏமாற்றும் மோசடியும் இல்லாமல் லாபம் தேட வேண்டும். அந்த நிபந்தனையை உண்மையாக எடுத்துக்கொண்டால் அவருடைய வாதம் என் பக்கம் வந்துவிடுகிறது. பங்குதாரரின் பணத்தை எடுத்து ஊருக்குக் கொடுக்க மேலாளருக்கு உரிமையில்லை என்றால், ஊரின் கிணற்றை எடுத்துப் பங்குதாரருக்குக் கொடுக்கவும் அவருக்கு உரிமையில்லை. விதிகளை எழுதும் இடத்தில் நிறுவனங்களின் செல்வாக்கு எவ்வளவு என்பதை அவர் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை என்பதுதான் அவரிடம் எனக்குள்ள குறை.

இரண்டாவது ஆட்சேபம் திருப்பூர்க்காரர்களே சொல்வது: வங்கதேசமும் சீனாவும் மலிவாக விற்கும்போது நாங்கள் மட்டும் இத்தனை செலவையும் சுமந்தால் ஆர்டர் போய்விடும், வேலையும் போய்விடும். இதில் இருக்கும் வலி உண்மையானது. 2011-ல் பட்டறைகள் மூடியபோது தொழிலாளர்கள் மாதக்கணக்கில் வேலையிழந்தார்கள்; சிறிய பட்டறைகள் பல திரும்பத் திறக்கவே இல்லை. மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்தது. பிறகு ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத முறைக்கு நிலையங்கள் மாறின; தண்ணீரின் பெரும்பகுதியையும் உப்பையும் மீட்டெடுத்துத் திரும்பச் சாயத்தொட்டிக்கே அனுப்பின. அதற்குப் பின் திருப்பூரின் ஏற்றுமதி அழியவில்லை. வளர்ந்தது, ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாயைத் தாண்டியது. மறுபயன்பாட்டுத் தண்ணீரில் சாயமேற்றும் ஊர் என்பதை இன்று ஏற்றுமதியாளர்களே வெளிநாட்டு வாங்குவோரிடம் பெருமையாகச் சொல்கிறார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. மீட்க முடியாத கலப்பு உப்பை என்ன செய்வது என்பது இன்னும் சிக்கல்தான். மழை நாளில் திருட்டுத்தனமாகக் கழிவு திறந்துவிடப்படும் புகார்களும் வருகின்றன. நொய்யல் பழைய நொய்யல் ஆகவில்லை. ஆனால் செலவைத் தானே ஏற்றுக்கொண்டால் தொழில் செத்துவிடும் என்ற பயம் மட்டும் பொய்த்துவிட்டது. எல்லாப் பட்டறைகளுக்கும் ஒரே நேரத்தில் ஒரே விதி வந்தது இதற்கு முக்கியக் காரணம். ஒருவர் மட்டும் நல்லவராக இருந்து நஷ்டப்படும் நிலையை அது நீக்கியது. பொறுப்பைத் தனிமனித நல்லெண்ணத்துக்கு விட்டுவிடாமல் எல்லோருக்கும் பொதுவான விதியாக்குவது நேர்மையான முதலாளிக்குப் பாதுகாப்பு.

அந்தச் செலவில் வெளிநாட்டு பிராண்டுகளின் பங்கு என்ன என்ற கேள்வி அடுத்து வருகிறது. விலையைத் தீர்மானிப்பவர்கள் அவர்கள். விலையை நெருக்கிப் பிடிக்கும்போது அந்த நெருக்கடி ஆலை, மேற்பார்வையாளர், தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் பெண் என்று படிப்படியாகக் கீழே இறங்குகிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். ஆலைக்குள் பாலியல் தொந்தரவு நெடுநாளாக இருந்தது என்று தொழிலாளர்கள் வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார்கள். அந்த ஆலையில் துணி வாங்கிய பிராண்டுகள் எல்லாவற்றுக்கும் அழகாக எழுதப்பட்ட நடத்தை விதிகள் இருந்தன. தணிக்கையாளர்களும் வந்து போய்க்கொண்டுதான் இருந்தார்கள். 2022-ல் பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஆலையின் தாய் நிறுவனமான ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸ், ஹெச்&எம் உள்ளிட்ட பிராண்டுகள் ஆகியோருக்கு இடையே ஏற்பட்ட திண்டுக்கல் ஒப்பந்தம் வேறு வகைப்பட்டது. சுமார் 5,000 தொழிலாளர்களுக்குப் பொருந்திய அந்த ஒப்பந்தத்தின்படி, 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் என்ற கணக்கில் தொழிலாளர்களே கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. ஆலை விதியை மீறினால் பிராண்டு தன் வியாபார உறவிலேயே அதற்கு விளைவு காட்டியாக வேண்டும். இங்கே யாரும் யாருக்கும் நன்கொடை தரவில்லை. ஆர்டரையே தொழிலாளியின் பாதுகாப்போடு சட்டப்படி பிணைத்தார்கள். சமூகப் பொறுப்புக்குச் சான்று கேட்டால் நான் முதலில் காட்டும் ஆவணம் இதுதான். இதில் பெயர்ப்பலகை மாட்ட இடமே இல்லை.

கொடுக்கும் கையைக் குறை சொல்லலாமா என்று சிலர் வருத்தப்படுவார்கள். செல்வத்தைச் சமூகத்துக்காக வைத்திருக்கும் தர்மகர்த்தாவாக முதலாளி இருக்க வேண்டும் என்று காந்தி சொன்னதையும் நினைவூட்டுவார்கள். காந்தி சொன்னதை அவர் செய்ததோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1915-ல் அகமதாபாத் ஆசிரமத்தில் ஒரு தலித் குடும்பத்தை அவர் சேர்த்துக்கொண்டபோது நன்கொடைகள் நின்றுபோயின. அப்போது கையில் 13,000 ரூபாய் கொடுத்து ஆசிரமத்தைக் காப்பாற்றியவர் ஆலை முதலாளி அம்பாலால் சாராபாய். பெயர் சொல்லிக்கொள்ளாமல் கொடுத்த, அப்பழுக்கற்ற நன்கொடை அது. மூன்று ஆண்டுகளில், 1918-ல், அகமதாபாத் ஆலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டபோது முதலாளிகளின் தரப்புக்கு முன்னின்றவர் அதே அம்பாலால். தொழிலாளர்களோடு நின்றவர்கள் அவருடைய சகோதரி அனசூயாவும் காந்தியும். முதலாளிகள் 20 சதவீதம் தருவதாகச் சொன்னார்கள். வரவுசெலவையும் விலைவாசியையும் ஆராய்ந்து 35 சதவீதமே நியாயம் என்று காந்தி முடிவுசெய்தார். அதற்காக உண்ணாவிரதமும் இருந்தார். பிறகு நடுவர் தீர்ப்பும் 35 சதவீதத்தையே தந்தது. தன் ஆசிரமத்துக்குச் சோறு போட்டவர் என்பதற்காகத் தொழிலாளியின் கூலியில் 15 சதவீதத்தைக் காந்தி தள்ளுபடி செய்யவில்லை. அம்பாலாலின் மீது அவருக்கு இருந்த அன்பும் மரியாதையும் குறையவுமில்லை. நன்றி ஒரு கணக்கு, கூலி இன்னொரு கணக்கு.

இரண்டும் கலந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கொடைக்கானல் சான்று. அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து 1983-ல் இங்கே கொண்டுவரப்பட்டு, பிறகு யூனிலீவர் குழுமத்தின் கைக்கு வந்த வெப்பமானி ஆலை, பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய பொருள் கடையில் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு 2001-ல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு 2016-ல்தான் தொகை கிடைத்தது, அதுவும் நஷ்டஈடாக அல்ல, கருணைத்தொகையாக. பாதரசத்தால் அவர்கள் உடல்நலம் கெட்டதற்கு ஆதாரமில்லை என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. 15 ஆண்டுகள் உரிமையாகக் கேட்டது கடைசியில் கருணையாகத் தரப்பட்டது.

பொறுப்பாக நடந்தால் லாபம் பெருகும், ஆகவே பொறுப்பாக நடங்கள் என்று மேலாண்மைப் புத்தகங்கள் முதலாளிகளுக்குச் சொல்வதுண்டு. நல்ல பெயர், நிலைத்து நிற்கும் ஊழியர்கள், குறைவான வழக்குகள், வெளிநாட்டு ஆர்டர்கள் எல்லாம் உண்மையான பலன்கள்தான். சத்யமும் சாயப்பட்டறைகளும் பொறுப்பின்மைக்குக் கொடுத்த விலை எவ்வளவு என்பதைப் பார்த்தோம். ஆனால் இந்த வாதத்தை மட்டும் நம்பி நிற்கக் கூடாது. 135-ஆவது பிரிவால் கட்டாயமாகச் செலவிட வேண்டிவந்த நிறுவனங்களின் பங்கு மதிப்பு சராசரியாக 4.1 சதவீதம் குறைந்தது என்று மஞ்சிராஜு, ராஜ்கோபால் ஆகியோரின் 2017-ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. பலன் வந்தால்தான் செய்வேன் என்பவர், பலன் வராத நாளில் நிறுத்திவிடுவார். ஜாம்ஷெட்பூரின் டாடா உருக்காலை 8 மணி நேர வேலைநாளை 1912-லேயே கொண்டுவந்தது. இந்தியச் சட்டம் அந்த இடத்துக்கு வர 1948 ஆயிற்று. அங்கேயும் 1920-களில் பெரிய வேலைநிறுத்தங்கள் நடந்தன. முதலாளியின் நல்லெண்ணம் மட்டும் போதவில்லை, சங்கம் வேண்டியிருந்தது. என்றாலும் வேலை நேரத்தைக் குறைத்த முடிவு உற்பத்திக்குள்ளேயே எடுத்த முடிவு. உருக்கு எப்படித் தயாராகிறது என்பதையே அது மாற்றியது. அந்த வகை முடிவுகளைத்தான் நாம் கேட்டுப் பெற வேண்டும்.

கேட்பதற்கு இன்று ஒரு கருவி இருக்கிறது. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள, பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள் 2022-23 முதல் 'பொறுப்பும் நீடித்த தன்மையும்' பற்றிய விரிவான அறிக்கையை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கட்டாயமாக்கியிருக்கிறது. பணியிட விபத்தில் இறந்தவர்கள் எத்தனை பேர், ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு, எடுத்த தண்ணீர் எவ்வளவு, கட்டிய அபராதம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 1,000 ரூபாய் போடுகிற ஆசிரியரும் இந்த நிறுவனங்களின் மறைமுக உரிமையாளர்தான். நிறுவனத்தின் இணையதளத்திலேயே கிடைக்கும் அந்த அறிக்கையை அவர் திறந்து பார்க்கலாம். ஆனால் இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. பெரிய நிறுவனத்துக்கு நூலும் துணியும் உதிரிபாகமும் தரும் சிறிய ஆலைகளின் விவரம் இன்னும் விருப்பத்துக்கே விடப்பட்டிருக்கிறது. ஒரத்துப்பாளையம் போன்ற அணைகள் நிரம்புவது அந்த ஆலைகளால்தான். இரண்டாவது, பட்டியலிடப்படாத நிறுவனங்களுக்கு இந்த அறிக்கை கட்டாயமே இல்லை. 135-ஆவது பிரிவோ பட்டியலிடாத நிறுவனங்களுக்கும் பொருந்தும். ஆக, அத்தகைய நிறுவனம் 2 சதவீதத்தை எங்கே கொடுத்தது என்பதை அரசுக்கு விவரமாகச் சொல்லியாக வேண்டும். லாபத்தை எப்படிச் சம்பாதித்தது என்பதை அதே விவரத்தோடு பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சிஎஸ்ஆர் செலவுக் கணக்கைச் சொல்லும் 'சிஎஸ்ஆர்-2' படிவத்தை நிறுவன விவகார அமைச்சகம் 2022-ல் ஒரு விதித் திருத்தத்தின் மூலமே கொண்டுவந்தது. அதனுடன் ஒரே ஒரு பக்கத்தைச் சேர்க்கலாம்: அந்த ஆண்டு ஆலையில் நடந்த மரணங்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நடவடிக்கைகள், ஒப்பந்தத் தொழிலாளர்களின் எண்ணிக்கையும் கூலியும், எடுத்த தண்ணீரும் வெளியேற்றிய கழிவும், கட்டிய அபராதங்கள். இது கூடுதல் சுமை என்று தொழில் அமைப்புகள் சொல்லக்கூடும். ஆண்டுக்கு 5 கோடி லாபம் காட்டும் நிறுவனத்திடம் இந்தத் தகவல்கள் ஏற்கெனவே இருக்கின்றன. பெரும்பாலானவற்றைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் தொழிலாளர் துறைக்கும் அது தனித்தனியாகக் கொடுத்துக்கொண்டும் இருக்கிறது. அவற்றை ஒரே பக்கத்தில் சேர்த்து, பள்ளிக்குக் கொடுத்த தொகைக்குப் பக்கத்திலேயே அச்சிட்டு, ஆலையைச் சுற்றியுள்ள ஊராட்சிகள் படிக்கும்படி தமிழிலும் அந்தந்த மாநில மொழியிலும் வெளியிடுவதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை; இன்னொரு விதித் திருத்தம் போதும்.